மூன்று தேரைகளின் தீபாவளி

என் பெயரில் ஒரு புழு உலகத்துக்கு அறிமுகமாகப் போகிறது என்று டாக்டர் சுகந்தினி சொன்ன அன்று, ஸ்கூடாய் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றும் நான் யாரையும் திட்டவில்லை. ஒரு லாரிக்காரனுக்கு வழிகூட விட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

நான் யுகேந்திரன். ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். தவளை, தேரை, பல்லி, ஓணான், சில நேரம் சாலையில் அடிபட்ட உடும்பு, இவற்றின் வயிற்றிலும் நுரையீரலிலும் வாடகை இல்லாமல் குடியிருக்கும் உருண்டைப்புழுக்களை எடுத்து, கழுவி, கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்துக் கொடுப்பது என் வேலை. அது இன்ன சாதிப் புழு, இன்ன பெயர் என்று சொல்வது டாக்டரின் வேலை. கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், பதில் முடிவதற்குள் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். வைக்கட்டும். ஒரு புழுவைச் சுருளாமல் படுக்கவைக்க அவர்களுக்குத் தெரியுமா? ஆல்கஹாலைச் சுட வைத்து, ஆவி கிளம்பும் நேரம் பார்த்துப் போட வேண்டும். ஆறினதில் போட்டால் புழு முறுக்கு மாதிரி சுருண்டுவிடும். அப்புறம் எந்தப் பேராசிரியர் வந்தாலும் தலை எது வால் எது என்று தேட வேண்டியதுதான். என் கையில் இதுவரை ஒரு புழு சுருண்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என் தகடுகளை வைத்து நான்கு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொருவரின் ஆய்வேடு வந்ததும் முதல் வேலையாக நன்றிப் பக்கத்தைப் புரட்டுவேன். ஒன்றில் ‘ஆய்வுக்கூட ஊழியர்கள்’ என்று மொத்தமாக முடித்திருந்தார்கள். ஒன்றில் என்னை யோகேந்திரன் ஆக்கியிருந்தார்கள். ஒரு பெண் தன் பூனைக்கு நன்றி சொல்லியிருந்தாள், எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பூனை எத்தனை தகடு போட்டது என்று கேட்கலாம் என்று இருந்தேன். பட்டம் வாங்கிய கையோடு அவள் பினாங்குக்குப் போய்விட்டாள்.

ஆகவே எனக்கு அந்தப் பெயர் வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆசைப்பட்டேன்.

விஷயம் போன தீபாவளிக்குத் தொடங்கியது. கோத்தா திங்கி பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தேரைகள் பிடித்துக்கொண்டிருந்தோம். மொத்தம் நாற்பது தேரை என்பது டாக்டரின் திட்டம். பதினாறு முடிந்திருந்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது ஆகிய மூன்றையும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு கொண்டுவந்தேன். மறுநாளே அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்குள் டாக்டரின் அம்மா சிரம்பானில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்தது.

“நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க அண்ணே,” என்றார் டாக்டர், கார் சாவியைத் தேடிக்கொண்டே. “தண்ணி மட்டும் மாத்துங்க. சாப்பாடு கொடுக்காதீங்க.”

அது எங்கள் இடத்துச் சட்டம். ஆய்வுக்கு வரும் உயிருக்கு நாங்கள் தீனி போடுவதில்லை. காட்டிலிருந்து வயிற்றில் எதைக் கொண்டுவந்ததோ அதை மட்டும்தான் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியாததில்லை. புதிதாக வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்லி மிரட்டுவதே நான்தான்.

தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, இட்லியும் கோழிக்கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டு, தண்ணீர் மாற்ற ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கட்டடமே காலி. தொட்டிக்குள் மூன்றும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தேரைக்கு எப்போதுமே கோபித்துக்கொண்ட மாமனார் முகம்தான். ஆனாலும் அன்று அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஊரே முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறது, இதுகள் மூன்றும் மூன்று நாளாகப் பட்டினி. டாக்டர் வந்ததும் சாகப்போகிற உயிர்கள் வேறு. கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளப்பான் என்பார்கள். பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கிற தேரைக்கு யார் படியளப்பது?

வீடு பத்து நிமிடத் தூரம். என் மனைவி ரூபினி தீபாவளிக்காக அடுக்களையைப் புரட்டிப்போட்டுக் கழுவியதில், அலமாரிக்குப் பின்னால் வாழ்ந்துவந்த கரப்பான்பூச்சிகள் வீடிழந்து பின்கட்டில் அலைந்துகொண்டிருந்தன. ஒரு மைலோ டின்னை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். ஆறு பிடித்தேன்.

ரூபினி பின்வாசல்வரை வந்து பல்லைக் கடித்தாள். “என்னங்க, நல்ல நாளும் அதுவுமா பூச்சி பிடிக்கிறீங்க? அக்கா ஹால்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க லா!”

அக்கா என்றால் ரூபினியின் கூடப்பிறந்த செல்லம் அக்கா. ஆயர் ஈத்தாமில் அவர் புருஷனுக்கு மண்சட்டி, பூச்சாடி விற்கும் கடை இருக்கிறது. கடைப் பலகையில் புருஷன் பெயர் நான்கு மொழியில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பலகையையும் பேச்சில் தூக்கிக்கொண்டு வருவார். நான் டின்னை மூடி, “வேலை இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆளுக்கு இரண்டு. நாக்கு வெளியே வந்ததும் தெரியவில்லை, உள்ளே போனதும் தெரியவில்லை. எனக்கு மனது நிறைந்துவிட்டது. பதிவேட்டில் ‘உணவு’ என்ற இடத்தில் வழக்கம்போல ‘இல்லை’ என்று எழுதினேன். கைப்பழக்கம். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. தீபாவளி விருந்தை யாராவது பதிவேட்டில் எழுதுவார்களா?

கெட்டிக்கார வாசகர்கள் இப்போதே பிடித்திருப்பார்கள். எனக்கு இரண்டரை மாதம் ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். அம்மாவுக்கு எலும்பு முறிவு இல்லை, நல்ல வேளை. அன்றே மூன்று தேரையையும் மயக்க மருந்து கொடுத்து அறுத்தோம். மூன்றின் கீழ்க்குடலிலும் நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு புழு. அரிசிக் குருணை அளவு, வெள்ளை நிறம், வால் மட்டும் நூல் மாதிரி மெலிந்து கூராக நீண்டிருந்தது. முதல் பதினாறு தேரையில் ஒன்றில்கூட இது இல்லை.

“அண்ணே, இது என்னது இது?” என்று டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினார்.

தேரைப் புழுக்களை அடையாளம் காண்பதற்கென்று தடித்தடியாக நூல்கள் இருக்கின்றன. வாய் எப்படி, உதடு எத்தனை, தொண்டைக் குமிழ் எங்கே என்று ஒவ்வொரு கேள்வியாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் வந்துவிடும். எங்கள் புழு எந்த நூலிலும் பாதிக்கு மேல் போகவில்லை. நான்கு நாள் முட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “புதுசு அண்ணே. கண்டிப்பா புதுசு. ஆனா எல்லாமே பொண்ணா இருக்கு. ஒரு ஆண் வேணும்.”

உருண்டைப்புழுக்களில் அடையாளம் பெரும்பாலும் ஆணின் வாலில்தான் இருக்கும். பெண்களை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் மற்ற விஞ்ஞானிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆகவே ஆண் தேடும் படலம் ஆரம்பித்தது. பெண்ணுக்கு வரன் தேடும் அப்பன்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டான். டிசம்பர் மழையில் கோத்தா திங்கியில் ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, இரண்டு வாரம் தோட்டத்துக்கே போக முடியவில்லை. வடிந்ததும் போய் முழங்கால் சேற்றில் நின்று மிச்சம் இருபத்தொரு தேரையையும் பிடித்தேன். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்தப் புழுவே இல்லை.

ஒரு நாள் சேற்றோடு வந்து நின்ற என்னைப் பார்த்து டாக்டர் சொன்னார்: “அண்ணே, உங்க கை இல்லாட்டி அந்தப் புழு எப்பவோ சுருண்டு குப்பைக்குப் போயிருக்கும். அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்.”

அன்றைக்குத்தான் லாரிக்காரனுக்கு வழி விட்டது.

ரூபினி முதலில் முகம் சுளித்தாள். “அலமாக்! புழுவுக்கா? பூ, வண்ணத்துப்பூச்சி, ஒண்ணும் கிடைக்கலையா உங்க டாக்டருக்கு?” அப்புறம் நான் விளக்கினேன். அந்தப் பெயரை இனி யாராலும் மாற்ற முடியாது, நூறு வருடம் கழித்து ஜப்பானிலோ பிரேசிலிலோ ஒருவன் என் பெயரைச் சொல்லித்தான் அந்தப் புழுவைக் கூப்பிட வேண்டும் என்றேன். அவள் போனை எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். அவள் தினமும் விடியற்காலை பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஒரு பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். மறுநாள் கம்பெனி பஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. செல்லம் அக்கா கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். ரூபினிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஜனவரியில் டாக்டர் பொறுமை இழந்தார். ஆண் இல்லாமலே கட்டுரையை எழுதி முடித்து, திங்கட்கிழமை அனுப்பிவிடுவது என்று முடிவு. வியாழக்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டு மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மேலே சாய்ந்த எழுத்தில் புழுவின் பெயர், அதில் இரண்டாவது பாதி நான். வாலில் லத்தீன் ஒட்டு ஒன்று. ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. நான் மூன்று முறை படித்தேன்.

அன்று சாயங்காலம் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது பேசின் ஓரத்தில் ஒரு கரப்பான்பூச்சி ஓடியது. செருப்பால் ஒரு போடு. காகிதத்தில் அள்ளிக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது மைலோ டின் ஞாபகம் வந்தது.

கால் நின்றுவிட்டது.

பதிவேட்டைத் திறந்தேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. நாற்பதில் அந்த மூன்றில் மட்டும்தான் புழு. நாற்பதில் அந்த மூன்றுக்கு மட்டும்தான் நான் விருந்து வைத்தேன். சம்பந்தம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தக் கரப்பான்பூச்சியின் குடலை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தேன்.

பதினொரு பேர் இருந்தார்கள். அதே வெள்ளை, அதே நூல் வால். தேரைக்கும் அந்தப் புழுவுக்கும் ஒரு உறவும் இல்லை. கரப்பான்பூச்சிக்குள் பரம்பரையாகக் குடியிருக்கிற புழு, பூச்சியோடு சேர்ந்து தேரையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. பூச்சி செரித்துவிட்டது, இது வெளியே வரும் வழியில் எங்களிடம் மாட்டிக்கொண்டது. தேரைப் புழு நூல்களில் எப்படி இருக்கும்? அது என் வீட்டு அடுக்களைப் புழு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே தேரையின் வாயால் கெட்டது நான்.

போதாததற்கு, பதினொன்றில் ஒன்று மற்றதில் கால்வாசிகூட இல்லாமல் குட்டியாக, வால் வளைந்து கிடந்தது. இரண்டரை மாதமாகச் சேற்றில் நின்று தேடிய மாப்பிள்ளை.

ஆல்கஹாலைச் சுட வைத்து அவனை நேராகப் படுக்கவைத்தேன். சுருளவில்லை. அழகாக வந்தான். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன். ஆண் கிடைத்துவிட்டது. இவன் எந்த வயிற்றிலிருந்து வந்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஏதாவது ஒரு தேரையின் எண்ணை எழுதி ஒட்டினால் கட்டுரை பூரணம். பூனைக்கு நன்றி சொன்னவர்கள் நடுவே என் பெயர் நிலைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்குப் போயும் சரியாகச் சாப்பிடவில்லை. ரூபினி கேட்டதற்கு வாயு என்றேன்.

மறுநாள் காலை அந்தத் தகட்டை டாக்டரின் நுண்ணோக்கியில் வைத்தேன். எண் எதுவும் எழுதவில்லை. அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததும் நாற்காலியிலிருந்து குதித்தார்.

“ஆண்! அண்ணே, ஆணு! எப்படி அண்ணே கிடைச்சுது? எந்த நம்பர் தேரை?”

பேனாவைத் திறந்து எழுதத் தயாராக நின்றார். இருபத்தெட்டு என்று சொன்னால் போதும். நாக்கின் நுனிவரை வந்த எண் அது, ஏன் இருபத்தெட்டு என்று எனக்கே தெரியாது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒரு பத்து விநாடி அதை அப்படியே விட்டுவைத்தேன்.

“தேரை இல்ல டாக்டர். கரப்பாம்பூச்சி. பேசின்கிட்ட அடிச்சது.”

அவருக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் குளியல், மைலோ டின், ஆளுக்கு இரண்டு, பதிவேடு. சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த பேனா மெதுவாக மேசைக்கு வந்தது.

“தண்ணி மட்டும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

“தீபாவளி, டாக்டர்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “மூணு மாசம் அண்ணே! திங்கக்கிழமை அனுப்பியிருந்தா எனக்கு கரப்பாம்பூச்சி டாக்டர்னு பேரு வெச்சிருப்பாங்க. சாகுற வரைக்கும்!” என்று ஆரம்பித்து ஒரு கால்மணி நேரம் வெளுத்து வாங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வேறு யாராவது பேசியிருந்தால் நானும் இரண்டு கொடுத்திருப்பேன். அன்று தலையைக் குனிந்து நின்றேன். பதிவேட்டில் மூன்று எண்களுக்கும் ‘இல்லை’யை அடித்து, ‘கரப்பான்பூச்சி, தலா இரண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

பிறகு அவர் குரல் இறங்கியது. “இருபது, முப்பதுன்னு ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்.”

“தெரியும் டாக்டர்.”

மடிக்கணினியைத் திறந்தார். பக்கத்தின் மேலே என் பெயர் நேற்றுப்போலவே சாய்ந்து நின்றது. அவர் விரலைக் கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். கடைசியில் கணினியை என் பக்கம் தள்ளினார். “எனக்கு மனசு வரல அண்ணே. நீங்களே எடுத்துருங்க.”

மொத்தமாக அழிக்க ஏதோ வழி இருக்கிறதாம், எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். கடைசி எழுத்து போனதும் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தொட்டி கழுவப் போனேன்.

அன்று இரவு ஏழரைக்கு ரூபினி வேலை முடிந்து வந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். பதில் சண்டைக்கு நாலு வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் ஒரு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“அப்ப பேரு?”

“கிடையாது.”

“அக்காகிட்ட என்னங்க சொல்றது?”

அவள் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு உரக்கப் படித்துக் காட்டினாள்: “எல்லாருக்கும் வணக்கம். அந்தப் புழு புதுசு இல்லையாம், கரப்பாம்பூச்சியோடதாம். டாக்டருக்கே தெரியல. எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சு, அவரே போய்ச் சொல்லிட்டாரு. அதனால பேரு வைக்கல.” படித்துவிட்டு நிமிர்ந்தாள். “கடைசி வரி போடவா, எடுத்துடவா?”

“போடு.”

அனுப்பிவிட்டாள். போன் உடனே டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

“வலிக்குதாங்க?”

வழக்கமாக இப்படிக் கேட்டால் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு’ என்று எரிந்து விழுவேன். பதினெட்டு வருடமாக அவள் கேட்டுப் பழகிய பதில் அதுதான்.

“ரொம்ப வலிக்குது ரூபி,” என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.